பஜ்ஜிக்குப் பக்கத்தில் சுண்டல்: சிறப்புக் குழந்தைகளும் பள்ளி கேன்டீனும்

பள்ளி கேன்டீனில் ஒரு பிள்ளை கவுண்டருக்கு முன்னால் நிற்கிற நேரம் பத்து வினாடி இருந்தால் அதிகம். பின்னால் வரிசை முண்டும். உள்ளே நிற்கும் அண்ணா "என்ன வேணும், சீக்கிரம் சொல்லு" என்பார். எவர்சில்வர் தட்டுகளின் சத்தம் காதைப் பிளக்கும். ஒரு கேள்வியைக் காதில் வாங்கி, புரிந்து, பதிலை வாய்க்குக் கொண்டுவர அரை நிமிடம் தேவைப்படும் பிள்ளை அந்தப் பத்து வினாடியில் எதைக் கை காட்டும்? கண்ணாடிப் பெட்டியில் கண் மட்டத்தில் அடுக்கியிருக்கும் பஜ்ஜியைத்தான். கீழே மூடி போட்ட பாத்திரத்தில் சுண்டல் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இதைப் பார்த்துவிட்டு வகுப்பில் "நல்ல உணவு, கெட்ட உணவு" என்று சார்ட் ஒட்டுகிறோம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்த சார்ட்டால் ஆகப்போவது மிகக் குறைவு. வகுப்பில் கற்றதை வேறொரு இடத்தில் பயன்படுத்துவதுதான் இவர்களுக்கு ஆகக் கடினமான வேலை. கவுண்டரில் எது கண்ணில் படுகிறது, எதைக் கேட்பது சுலபம், எதை மெல்ல முடிகிறது, எதற்குக் காசு கொடுப்பது எளிது என்பதுதான் தட்டில் என்ன விழும் என்று முடிவு செய்கிறது. ஆகவே முதலில் மாற வேண்டியது கவுண்டரும் சமையலும். பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது அதற்கு அடுத்தது. நீலகிரி மாதிரி குளிர்ப் பிரதேசத்தில் இதிலே தனிச் சிக்கல்கள் சில உண்டு, சமவெளிக்கு எழுதப்பட்ட கையேடுகளில் அவை இருக்காது.

சாப்பிட மாட்டேன் என்றால் முதலில் வாயைப் பாருங்கள்

"அடம்" என்று எழுதிவைக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. சொத்தைப் பல் உள்ள பிள்ளை கேரட்டைக் கடிக்காது, பன்னை மட்டும் கேட்கும். பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாததால் அது "காய் பிடிக்காத பிள்ளை" ஆகிவிடுகிறது. ஊட்டியில் டிசம்பர் மாதக் காலையில் வெட்டிவைத்த பழம் ஐஸ் மாதிரி இருக்கும், நல்ல பல்லே கூசும். பழத்தை வெட்டும் முன் முழுதாகப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்தால் போதும்.

அடுத்தது மலச்சிக்கல். டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குத் தசை இறுக்கத்தில் உள்ள மாறுபாட்டால் இது அடிக்கடி வரும். குளிரில் தாகம் எடுக்காது, தண்ணீர் குடிக்காது, இன்னும் மோசமாகும். வயிறு அடைத்துக்கொண்ட பிள்ளை மதியம் தட்டைத் தள்ளத்தான் செய்யும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ள மாவட்டம் என்பதால் இங்கே பிள்ளைகள் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவருகிறார்கள். நல்லதுதான். ஆனால் கைப்பிடி பலமில்லாத பிள்ளையால் அந்தத் திருகு மூடியைத் திறக்க முடியாது, திறந்து கொடு என்று கேட்கவும் தெரியாது. சாயங்காலம் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். அழுத்தினால் திறக்கும் மூடி வாங்குங்கள். இன்டர்வெலிலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் வெந்நீரோ சீரகத் தண்ணீரோ அரை டம்ளர் கொடுப்பதை அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

மருந்தையும் கேட்டு வையுங்கள். கடுங்கோபம், பதற்றத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் இரண்டும் பசியைக் கூட்டி எடையை ஏற்றக்கூடியவை. கவனக் குறைவுக்குத் தரும் மெத்தில்பெனிடேட் மதியப் பசியை அடக்கும், அந்தப் பிள்ளை நாலு மணிக்கு மேல்தான் பசி பசி என்று அலையும். மாத்திரையை நாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. எடை எப்படி ஏறுகிறது என்று தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லலாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குத் தைராய்டு குறைபாடு சகஜம் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை நடக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். மண், சாக்பீஸ், காகிதம் தின்னும் பிள்ளைக்கு இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும்.

பிராடர் வில்லி சிண்ட்ரோம் உள்ள பிள்ளை இருந்தால் இந்தப் பதிவில் உள்ளதில் பாதி அதற்குப் பொருந்தாது. வயிறு நிறைந்தது என்ற உணர்வே வராத நிலை அது. அதற்குத் தேர்வு கொடுக்கிறோம் என்று கவுண்டர் முன்னால் நிறுத்துவது கொடுமை. முன்கூட்டியே சொன்ன உணவு, சொன்ன அளவு, சொன்ன நேரம், கையில் காசு கிடையாது, சமையலறைக் கதவுக்குப் பூட்டு. அவ்வளவுதான்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதைப் பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி சளிக் காய்ச்சல், இவை மூச்சுக்குழாய்க்குள் உணவு போகிறது என்பதன் அறிகுறிகள். பாதம் தரையிலோ பலகையிலோ பதிந்து, இடுப்பு நேராக, தாடை சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்த்துவைத்து ஊட்டவே கூடாது. முழு நிலக்கடலை, முழு திராட்சை, வட்டமாக நறுக்கிய கேரட் மூன்றும் தொண்டையில் அடைக்கும் வடிவங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறுங்கள். கேரட்டை விரல் நீளக் குச்சிகளாக வெட்டி வேகவையுங்கள். சீசனில் வரும் பிளம்ஸைக் கொட்டை எடுத்துத்தான் தர வேண்டும்.

92 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாது, 92, 93-லேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம். திறந்த அண்டாவில் கொண்டைக்கடலை எவ்வளவு நேரம் தளதளவென்று கொதித்தாலும் நடுவில் ஒரு விறைப்பு நிற்பது இதனால்தான். நமக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. மெல்லும் தசை பலவீனமான பிள்ளைக்கு அந்த விறைப்பே போதும், துப்பிவிடும். அடுத்த முறை சுண்டலைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். "சுண்டல் போட்டோம், ஓடவில்லை" என்று கேன்டீனில் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது வேகாத கடலை.

நாற்பது பேருக்கு ஆளுக்கு 30 கிராம் வீதம் 1.2 கிலோ கடலை. வெந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ வரும், ஆளுக்கு ஒரு சிறிய குழிக்கரண்டி தாராளமாகப் போடலாம். ராத்திரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் காலையிலும் பாதிதான் ஊறியிருக்கும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, மூடி, சாக்குப் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு பிரஷர் குக்கர்தான், அண்டா வேண்டாம். குக்கருக்குள்ளும் சமவெளியைவிடச் சூடு மூன்று நாலு டிகிரி குறைவாகவே இருக்கும். கோவையில் ஐந்து விசிலில் வேகிற கடலைக்கு இங்கே ஏழெட்டு விசில் வையுங்கள், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாம் வெந்த பிறகு. முன்னாலேயே புளிப்புச் சேர்த்தால் தோல் இறுகிக்கொள்ளும். ஆப்பச்சோடா போட்டால் சீக்கிரம் வேகும், உண்மைதான். ஆனால் தையமின் (வைட்டமின் பி1) சத்து அழியும், சோப்பு மாதிரி ஒரு வாடை நிற்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த வாடை நமக்கு முன்னால் தெரிந்துவிடும். பதம் பார்க்க ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நடுவில் கல் தட்டாமல் மாவாக மசிய வேண்டும். மூன்று கடலையாவது பாருங்கள், ஒன்று போதாது.

தாளிக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ஊட்டியில் வருடத்தில் பெரும்பாலான நாள் அந்த நிலைதான். தட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடம் சுண்டல் மேல் வெள்ளைப் படலம், நாக்கில் மெழுகு. கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் போதும். மூன்று கிலோவுக்கு மூன்று மேஜைக்கரண்டி.

ஆறிப்போவது பெரிய பிரச்சினை. ஒரே உணவு சூடாக ஒரு வாசனை, ஆறியபின் வேறு வாசனை, வேறு பதம். நமக்கு அது அதே சாம்பார், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது வேறொரு பொருள். ஹாட்பாக்ஸிலிருந்து நேராகத் தட்டுக்குப் போட வேண்டும். எவர்சில்வர் தட்டு சில்லென்று இருந்தால் போட்டதும் சூட்டை உறிஞ்சிவிடும், ஆகவே தட்டுகளை வெந்நீரில் அலசித் துடைத்து வையுங்கள். குளிருக்காக ஜன்னலை எல்லாம் அடைத்துவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. எண்ணெய்ப் புகையும் தட்டுச் சத்தமும் உள்ளேயே சுழலும். சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து மூடுங்கள். மேஜைமேல் தடித்த துணி விரித்தால் தட்டுச் சத்தம் குறையும்.

சத்துணவுத் தட்டில்

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு கேன்டீன் என்றால் சத்துணவு மையம்தான். மத்திய அரசின் அளவுகோல்படி தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை 150, 30, 75. அதோடு தமிழ்நாட்டில் முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். சத்துக் கணக்கில் குறை சொல்ல முடியாது. சிக்கல் கலவை சாதத்தில்தான். காய், பருப்பு, மசாலா எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும்போது ஒவ்வொரு வாயும் வேறு மாதிரி இருக்கும். இன்னது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் சாப்பிடும் பிள்ளைக்கு இது தண்டனை. பட்டாணியைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டு எழுந்துவிடும்.

சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம் கேட்க வேண்டியது சின்ன உதவிதான். கலக்கும் முன் ஒரு குழிக்கரண்டி வெறும் சாதம், மசாலாவில் போடும் முன் ஒரு அவித்த முட்டை, தாளிக்கும் முன் கொஞ்சம் வெந்த காய். மூன்றையும் பிரிவுத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தால் அதே உணவு, அதே அளவு உள்ளே போய்விடும். தனிச் சமையல் எதுவும் தேவையில்லை. மஞ்சள் கரு வாயில் ஒட்டி விக்கும் பிள்ளைக்கு அதைப் பருப்புத் தண்ணீரிலோ தயிரிலோ மசித்துக் கொடுங்கள்.

சாதத்துக்குள் காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஒரு நாள் கண்டுபிடிக்கும். அன்றோடு காய் மட்டுமல்ல, இதுவரை சாப்பிட்ட சாதமும் போகும்.

கவுண்டரை மாற்றுவது

கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டுக்கு அவித்த முட்டை, பழம், சுண்டல் வரட்டும். சுண்டலைத் திறந்த கிண்ணங்களில் ஏற்கெனவே அளந்து வைத்துவிடுங்கள், எடுத்து நீட்டினால் போதும் என்ற நிலையில். பஜ்ஜி கீழ்த் தட்டுக்கு, முடிந்தால் மூடிய பாத்திரத்துக்குப் போகட்டும். மழைக்காலத்தில் உள்ளே ஆவியும் வெளியே குளிரும் சேர்ந்து கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிடும், எதுவும் தெரியாது. முன்பக்கக் கண்ணாடியை அன்றைக்குக் கழற்றிவிட்டு வலை மூடி போடலாம்.

பழம் உரித்திருக்க வேண்டும். ஆரஞ்சை உரிக்கத் தெரியாத பிள்ளை, ஒரே இழுப்பில் பிரிகிற பாக்கெட்டைத்தான் எடுக்கும். பேரிக்காயைத் தோல் சீவித் துண்டு போட்டு, எலுமிச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் பழுப்பேறாது. பழுப்பேறிய துண்டை இவர்களில் பலர் தொடமாட்டார்கள்.

விலையிலும் ஒரு வேலை செய்யலாம். காசுக்குப் பதில் டோக்கன் கொடுத்து வாங்கட்டும். சுண்டல், பழம், முட்டை எல்லாம் ஒரே ஒரு டோக்கன். பஜ்ஜி, பப்ஸ் இரண்டு டோக்கன். காசுக் கணக்கு வராத பிள்ளைக்கும் "ஒன்று கொடு, ஒன்று வாங்கு" என்பது புரியும். இரண்டு எண்ணிக் கொடுப்பது ஒரு படி அதிக வேலை, அந்த ஒரு படியே பலரைத் திருப்பிவிடும்.

உணவுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டம் ஒட்டும் முறை பல இடங்களில் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது சரிவராது. சிவப்பு என்றால் நில் என்று கற்ற பிள்ளை, தக்காளியையும் பீட்ரூட்டையும் சிவப்பு என்று ஒதுக்கிவிடும். அல்லது சிவப்பு வட்டம் ஒட்டியதை எவராவது சாப்பிட்டால் அவர் தட்டைப் பிடுங்கும். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்பவர்கள் இவர்கள். நிறத்துக்குப் பதில் கிழமையை வையுங்கள். பஜ்ஜி புதன்கிழமை. வாரக் காலண்டரில் புதன் கட்டத்தில் பஜ்ஜிப் படம். திங்களன்று கேட்டால் "இல்லை" என்று சொல்ல வேண்டியதில்லை, காலண்டரைக் காட்டி "புதன்" என்றால் போதும். புதன்கிழமை கட்டாயம் இருக்க வேண்டும், அன்று எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றால் மொத்த ஏற்பாடும் குலைந்துபோகும்.

கேட்கக் கற்றுக்கொடுப்பது

வேண்டிய உணவின் படக் கார்டை எடுத்து நீட்டிக் கேட்க ஒரு படப் பலகை வையுங்கள். அதற்கு இணையத்திலிருந்து கார்ட்டூன் எடுக்காதீர்கள். உங்கள் கேன்டீன் தட்டில், உங்கள் சுண்டலை வைத்து, மேலிருந்து செல்போனில் எடுங்கள். பின்னணியில் வேறெதுவும் தெரியக் கூடாது. கார்டு உள்ளங்கை அளவு, படத்துக்குக் கீழே பெயர். லேமினேஷன் போடும்போது காகித விளிம்பைச் சுற்றி அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் மிச்சம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் ஜூன் மாத மூடுபனியிலேயே ஈரம் உள்ளே ஏறி, படம் கறுத்துப்போகும். பலகையை வரிசையின் தொடக்கத்தில், பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். முடிவு கவுண்டருக்கு வரும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் இரண்டு கார்டு மட்டும், இரண்டுமே நாம் கொடுக்கத் தயாராக உள்ளவை. சுண்டலா, முட்டையா. "காய் வேணுமா?" என்று கேட்டால் "வேணாம்" என்ற பதிலுக்கு நாமே கதவு திறக்கிறோம். "கேரட்டா, பீன்ஸா?" என்றால் எதுவானாலும் காய்தான்.

இங்கே மூன்று இடத்தில் ஏமாறுவோம். கேட்ட கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ள பிள்ளை "பழமா, சுண்டலா?" என்றால் "சுண்டல்" என்னும். அது பதில் அல்ல. "சுண்டலா, பழமா?" என்று மாற்றிக் கேளுங்கள், "பழம்" என்றால் அது எதிரொலி. கார்டைத் தொடச் சொல்லுங்கள். இரண்டாவது, சிலர் எப்போதும் வலது பக்கக் கார்டையே தொடுவார்கள், இடம் மாற்றி மாற்றி வைத்துச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, தொட்டதைக் கையில் கொடுத்தால் தள்ளிவிடும். அப்படியானால் படத்துக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இன்னும் பிடிபடவில்லை, படத்தை விட்டு நிஜக் கிண்ணம் இரண்டை வைத்து மறுபடி தொடங்குங்கள்.

பயிற்சி கூட்டமில்லாத நேரத்தில் நடக்கட்டும். மணி அடிக்கும் முன் பத்து நிமிடம் கேன்டீனிலேயே, நிஜ அண்ணாவோடு. தட்டு எடுப்பது, தரையில் போட்ட கால் அடையாளத்தில் நிற்பது, கார்டு எடுப்பது, கார்டையும் டோக்கனையும் நீட்டுவது, கிண்ணத்தைத் தட்டில் வாங்குவது, மேஜைக்கு நடப்பது. அறிவுசார் குறைபாடு அதிகம் உள்ள பிள்ளைக்குக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்: எல்லாவற்றையும் நாம் செய்து, கிண்ணத்தோடு மேஜைக்கு நடப்பதை மட்டும் அது செய்யட்டும். அது கைவந்ததும் வாங்குவது, பிறகு நீட்டுவது என்று பின்னோக்கிப் போகலாம். ஒவ்வொரு நாளும் வேலை சாப்பாட்டில் முடிவதால் தோல்வி என்ற எண்ணமே வராது. உதவியைக் குறைப்பதற்கும் வரிசை உண்டு. கையைப் பிடித்துச் செய்வது, முழங்கையைத் தொடுவது, விரல் காட்டுவது, சும்மா நிற்பது. கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் நாலில் பொறுமை இழந்து மறுபடி கேட்கிறோம், பிள்ளை முதலிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறது.

கேன்டீன் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் இரண்டே விதி. கார்டு வரும் வரை கொடுக்காதீர்கள், கார்டில் உள்ளதைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறான கிண்ணம் போனாலும் கார்டின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். பொருள் தீர்ந்துவிட்டால் அந்தக் கார்டைப் பலகையிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும்.

புதிய உணவு

ஒரு டீஸ்பூன் அளவு, தனிச் சின்னக் கிண்ணத்தில், பழகிய உணவுக்குப் பக்கத்தில். அதன் மேலே போடக் கூடாது. பார்ப்பது, பக்கத்தில் இருக்க விடுவது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நாக்கில் படுவது, கடித்துத் துப்புவது, விழுங்குவது. இதில் ஒரு படி ஏறினாலும் அன்றைக்குப் போதும். துப்புவதற்கு ஒரு காகிதத் துண்டு கொடுத்துவிடுங்கள், துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் வாயில் வைக்கத் துணியும். ஒரே காயை ஒரே வெட்டில், ஒரே பக்குவத்தில் வாரம் மூன்று நாள் கொடுத்தால் பத்துப் பதினைந்து தடவையில் பலர் பழகிவிடுவார்கள். கேரட் பொரியல், கேரட் குச்சி, சாம்பாரில் கேரட் மூன்றும் இவர்களுக்கு மூன்று வேறு உணவுகள். நாலு நாளில் நாலு விதமாகக் கொடுத்துவிட்டு "எப்படிக் கொடுத்தாலும் தின்னவில்லை" என்பது கணக்கில் சேராது.

இருப்பதிலிருந்து நகர்வதும் ஒரு வழி. ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு பண்டமான வர்க்கியை மட்டும் தின்னும் பிள்ளைகள் இங்கே உண்டு. புவிசார் குறியீடு வாங்கிய பெருமை இருந்தாலும் வர்க்கி மைதாவும் கொழுப்பும்தான். அந்தப் பிள்ளைக்குப் பிடித்தது ருசியா, மொறுமொறுப்பா என்று பாருங்கள். பெரும்பாலும் மொறுமொறுப்பு. அப்படியானால் ரஸ்க், பிறகு நன்றாக முறுகச் சுட்ட கோதுமை பிரெட், பிறகு முறுகலான சப்பாத்தித் துண்டு, பிறகு மெல்லிய ராகி அடை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே ஒரு குணம் மட்டும் மாறட்டும். வெள்ளைச் சாதமும் தயிரும் மட்டும் என்றால் தயிர்ச்சாதத்தில் வெள்ளரித் துருவல், அதற்கடுத்து நூல்கோல். நிறம் மாறாது. கேரட் அதற்குப் பின்னால்தான்.

வீட்டில் என்ன சாப்பிடுகிறது என்று கேட்காமல் பட்டியல் போடாதீர்கள். நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்து வீட்டுப் பிள்ளைக்கு அவரைக் குழம்பும் ராகிக் களியும் கைக்குழந்தையிலிருந்து பழகியவை. பள்ளியில் "சாப்பிடாத பிள்ளை", வீட்டில் களியும் கீரையும் கேட்டு வாங்கும். கேன்டீனில் வாரம் ஒரு நாள் அவரை வைப்பது எந்தக் கையேட்டு யோசனையையும்விட நன்றாக வேலை செய்யும்.

டீ

தேயிலை விளையும் ஊரில் டீயை நிறுத்து என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை. இரண்டு திருத்தம் போதும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். அடுத்தது சர்க்கரை. கிளாஸுக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது 10 கிராம், நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் 30 கிராம். பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திடீரென்று பாதியாக்கினால் மறுநாளே டீ கீழே கொட்டப்படும். நாற்பது கிளாஸுக்கு 400 கிராம் போடுகிற மாஸ்டர் வாரத்துக்கு 25 கிராம் மட்டும் குறைக்கட்டும். எட்டு வாரத்தில் 200-க்கு வந்துவிடும், நாக்குக்குத் தெரியாது. தராசில் நிறுத்துப் போட வேண்டும், கைக் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகும்.

பாவம் பார்ப்பது

எங்கள் அனுபவத்தில் ஆகப் பெரிய தடை பாசம். "பாவம், புள்ள ஆசைப்படுது" என்று கேன்டீனில் ஒரு பஜ்ஜி இலவசம், பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மிட்டாய், எஸ்டேட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் அழாமல் இருக்க ஒரு சிப்ஸ் பாக்கெட், பேச்சுப் பயிற்சியில் சரியாகச் சொன்னதற்கு ஒரு சாக்லேட். ஒவ்வொருவரும் கொடுப்பது ஒன்றுதான், சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் வரும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தியே மற்றவர்களைவிடக் குறைவு, அங்கே இது நேராக எடையில் தெரியும். வேறு விதமாகப் பாசம் காட்ட அவர்களுக்கு வழி சொல்லிக்கொடுங்கள். கேன்டீன் அக்கா கையில் முத்திரை அச்சு ஒன்று கொடுத்தால் அவரே குத்திவிடுவார், பிள்ளைக்கு அது போதும். ஆசிரியர்களும் சாக்லேட்டை விட வேண்டும். "காயைச் சாப்பிட்டால் பாயசம்" என்பதும் வேண்டாம், காய் என்பது கட்ட வேண்டிய வரி என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். சம்பாதித்த முத்திரையைக் கோபத்தில் திரும்ப எடுக்கவே கூடாது.

வாசலுக்கு வெளியே உள்ள கடைக்கும் சட்டம் உண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை. மலைப்பாதையில் வாசலுக்கு நேர் கீழே, படிக்கட்டு இறங்கினால் இருக்கும் பெட்டிக்கடையும் அந்த 50 மீட்டருக்குள்தான். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, அந்தக் கடைக்காரரிடமும் இரண்டு கார்டைக் கொடுத்து, இந்தப் பிள்ளை வந்தால் வாழைப்பழமோ கடலை உருண்டையோ கொடுங்கள் என்று சொல்வது சீக்கிரம் பலிக்கும். கடிக்க முடியாத பிள்ளைக்குக் கடலை உருண்டைக் கார்டு வேண்டாம்.

எழுதி வைப்பது

ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். தேதி, என்ன வைத்தோம், எந்தப் படி வரை போனது, யார் பரிமாறினார்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் வழக்கமான அக்கா லீவு போட்ட நாளில்தான் எல்லாம் பின்வாங்கும், தாளைப் பார்த்தால்தான் காரணம் தெரியும். பதினைந்து தடவைக்குப் பிறகும் தொடுவதைத் தாண்டவில்லை என்றால் காயை மாற்ற வேண்டாம், பதத்தை மாற்றிப் பாருங்கள். மே மாத விடுமுறை கழித்து வரும் பிள்ளையை நிறுத்திய படியில் தொடங்காமல் இரண்டு படி கீழே தொடங்குங்கள். எடையை மாதம் ஒரு முறை, தனி அறையில், ஸ்வெட்டரும் ஷூவும் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஊட்டிக் குளிரில் போடும் உடுப்போடு நிறுத்தால் ஒரு கிலோ வரை பொய் சொல்லும்.